முதல் தண்ணீர்

ஜுஸ்டினாவின் சமையலறையில் இரண்டு பேசின்கள் இருந்தன. நீலப் பேசின் வீட்டு வேலைக்கு. வெள்ளை எனாமல் பேசின் கோயில் துணிகளுக்கு மட்டும். கல்யாணமான புதிதில் கணவர் ஓந்த்ரேய் சுரங்கத்திலிருந்து கரி அப்பிய முகத்தோடு வந்து, தெரியாமல் வெள்ளையில் கழுவிவிட்டார். அவள் அந்தப் பேசினைக் குப்பைக் குழியில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிவந்தாள். ஓந்த்ரேய் அந்தக் கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். தன் முகம் பட்டது எதையும் இவள் மிச்சம் வைப்பதில்லை, அதனால்தான் தானே அவளை முத்தமிடுவதைக் குறைத்துக்கொண்டதாகவும் சேர்த்துக்கொள்வார்.

சனிக்கிழமைகளில் அவள் பீடத்துணிகளைத் துவைப்பாள். திருப்பலியில் கிண்ணத்தைத் துடைத்த துணிகள், அப்பத்தட்டின் கீழே விரித்த சதுரத் துணி. அவற்றில் நற்கருணையின், ஊரார் நன்மை என்று சொல்லும் ஆண்டவரின் அப்பத்தின், துணுக்கு ஏதாவது ஒட்டியிருக்கலாம் என்பதால் முதலில் அலசும் தண்ணீர் சாக்கடைக்குப் போகக்கூடாது, மண்ணுக்குத்தான் போகவேண்டும். மலைமேலிருந்த பழைய ஸ்லோவாக் கோயிலில் அதற்கென்றே ஒரு தொட்டி இருந்தது. அதன் குழாய் எந்தக் கழிவுக் குழாயோடும் சேராமல் நேரே பூமிக்குள் இறங்கியது. லாரல் கேப் என்ற அந்த ஊரில் பூமி என்பது பெரும்பாலும் வெறும் கூரை. கீழே முழுக்கச் சுரங்கம்.

"நீங்க மேல ஊத்துற தண்ணியெல்லாம் எங்க தலையிலதான் சொட்டுது. இந்த ஊர்ல எனக்கு மேல நன்மை வாங்கினவன் யாரும் கெடையாது" என்பார் ஓந்த்ரேய்.

அவள் சிரித்ததில்லை. பிறகு கரி எடுப்பது நின்று, இளைஞர்கள் வேறு ஊர்களுக்குப் போய், மறைமாவட்டம் மலைக்கோயிலைப் பூட்டி, பங்கை அடிவாரத்து ஐரிஷ்காரர்களின் கோயிலோடு சேர்த்துவிட்டது. அங்கே துணி வைக்கும் அறையில் இருந்தது வென்னீர்க் குழாய் வைத்த சாதாரணத் தொட்டி. ஜுஸ்டினா துணிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். முதல் தண்ணீரைக் கொல்லையில், யார் காலும் படாத லைலாக் செடியின் அடியில் ஊற்றினாள்.

இதையெல்லாம் அவளுக்குக் கற்பித்தவர் மலைக்கோயிலின் பங்குக்குரு ஃபாதர் ஹாவ்ரன். அவர் இறந்து முப்பது வருடம் ஆகிவிட்டது. குரு மக்களைப் பார்த்துப் பூசை வைக்கும்படி பீடத்தைத் திருப்பிப் போடுவதற்கு முன்பே அவர் போய்ச் சேர்ந்தது கடவுள் அவருக்குச் செய்த தயவு என்று ஊரில் இன்றும் பேசிக்கொள்வார்கள். அவர் நல்ல பேச்சாளரா என்பதை இப்போது சொல்வது கடினம். கரகரத்த குரல். ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் ஞாயிறு மதியம் ரேடியோவில் அவர் குரல் வரும்போது கரி நாட்டின் சமையலறைகளில் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு நின்றார்கள். அப்பத்தின் ஒரு துணுக்கு இந்த மலையைவிடக் கனமானது, அதைச் சுமக்கக் கூசாதவன் எதைச் சுமக்கவும் லாயக்கற்றவன் என்பார். சொன்னதோடு நிற்கவில்லை. திருப்பலி முடிந்ததும் பூசை உடையோடு மண்டியிட்டு, கையில் மெழுகுவர்த்தியுடன், ஜனங்கள் நன்மை வாங்க மண்டியிடும் கிராதியின் அடியில் கம்பளத்தைத் தடவிப் பார்ப்பார். பத்து வயதில் ஜுஸ்டினா அதைப் பார்த்தாள். ஒரு பெரிய மனிதர் எதையோ தொலைத்துவிட்டதுபோல் தேடிக்கொண்டிருந்தார். எதையும் தொலைக்காமலிருக்கத்தான் தேடினார்.

ஒரு பிரசங்கி விட்டுப்போவது அவர் சொன்னதை அல்ல. கேட்டவர்கள் எதை எடுத்துக்கொண்டார்களோ அதைத்தான். லாரல் கேப் அவரிடமிருந்து பயத்தை எடுத்துக்கொண்டது. அதை மரியாதை என்று அழைத்தது. பல நேரங்களில் அது மரியாதையாகவும் இருந்தது.

ஓந்த்ரேயின் நெஞ்சில் கரி படிந்திருந்தது சுரங்கம் மூடுவதற்கு முன்பே தெரியும். அது மெதுவாகத்தான் வேலை செய்தது. எழுபது வயதில் அவரால் மாடிப்படி ஏற முடியவில்லை. கூடத்தில் ஜன்னலோரம் கட்டில் போட்டார்கள், பக்கத்தில் பிராணவாயு சிலிண்டர். இருமினால் கறுப்பாக வந்தது. கரி எடுப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள், ஆனால் என்னுடைய கிளை மட்டும் இன்னும் மூடவில்லை என்று அவர் டாக்டரிடம் சொன்னார். ஜுஸ்டினா அவருக்குப் பழைய வெள்ளைக் கைக்குட்டைகளை அடுக்கிவைத்தாள். அழுக்கானவற்றை நீலப் பேசினில் துவைத்தாள்.

அடிவாரத்துக் கோயிலின் ஃபாதர் டோயல் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை நன்மை கொண்டுவருவார். மூன்று ஊர்களுக்கு ஒரே ஆள். சின்ன வயது, எப்போதும் அவசரம், நல்ல மனசு. இந்தக் கிழவியிடம் அவருக்குக் கொஞ்சம் பயமும் உண்டு. அவர் கார் நிற்கும் சத்தம் கேட்டதும் ஜுஸ்டினா மெழுகுவர்த்தியோடு வாசலுக்குப் போவாள். நெஞ்சோடு நற்கருணைச் சிமிழை வைத்திருக்கும் குருவோடு பேசக்கூடாது. முன்னால் விளக்கேந்திக் கூட்டிவருவாள். கட்டிலருகே மேசையில் வெள்ளைத் துணி விரித்து, சிலுவையும் இரண்டு மெழுகுவர்த்தியும் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்திருப்பாள்.

அக்டோபரில் அது நடந்தது. ஃபாதர் டோயல் அப்பத்தை ஓந்த்ரேயின் நாவில் வைத்தார். ஓந்த்ரேய் வாயை மூடிக் கண்ணை மூடினார். உடனே இருமல் வந்தது. அவர் அதை அடக்கப் பார்த்தார்; முகம் நீலமானது. கடைசியில் எல்லாம் கைக்குட்டைக்கு வந்தது. கறுத்த சளியின் நடுவில் வெள்ளையாக, பாதி மடிந்து, அது கிடந்தது.

ஃபாதர் டோயல் கையை நீட்டிவிட்டுத் தயங்கினார். ஜுஸ்டினா தயங்கவில்லை. மண்டியிட்டு, கைக்குட்டையை நான்கு முனையும் சேர்த்து வாங்கி, ஒரு கண்ணாடி டம்ளரில் இறக்கித் தண்ணீர் ஊற்றினாள். அப்பம் கரைந்து அப்பமாக இல்லாமல் போனபிறகுதான் அதை மண்ணில் சேர்க்கலாம். அதுவரை டம்ளரை இருதய ஆண்டவர் படத்தின் கீழே, விளக்கின் பக்கத்தில் வைத்தாள். அதற்கு முன்னால் நடக்கும்போதெல்லாம் முழங்காலை மடக்கினாள்.

தண்ணீர் சாம்பல் நிறமாகி, பிறகு கறுத்தது. கட்டிலிலிருந்து பார்த்தால் நேரே அதுதான் தெரியும். ஓந்த்ரேய் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

ஒருநாள் அவர் சொன்னார்: "என் வாய்ல அவரு ஒரு நிமிஷம்கூட இருக்கல. உன் டம்ளர்ல ஒரு வாரமா இருக்காரு."

"வாய மூடிட்டு ஜெபம் பண்ணு."

"ரெண்டையும் ஒண்ணா செய்யணுமா?"

அவள் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். அப்பம் முழுக்கக் கரைந்ததும் டம்ளர் தண்ணீரை லைலாக் அடியில் ஊற்றினாள். கைக்குட்டையை எரித்துச் சாம்பலையும் அங்கேயே புதைத்தாள். அன்று சாயந்தரம் ஃபாதர் ஹாவ்ரன் ரேடியோவில் சொன்ன ஒன்று அவளுக்கு நினைவு வந்தது. ஆண்டவரை எங்கே வைக்கிறோம் என்று தெரிந்து வையுங்கள். துப்பப்படும் இடத்தில் அவரைக் கொண்டுபோய் வைக்காதீர்கள், ஒருமுறை அவர்மேல் துப்பியது போதும். அவர் அதைப் பாவத்தோடு நன்மை வாங்குகிறவர்களைப் பற்றிச் சொன்னார். ஜுஸ்டினாவுக்கு அந்த வாக்கியம் மட்டும்தான் நினைவிருந்தது, எதைப் பற்றி என்பது இல்லை.

நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை ஃபாதர் டோயலைப் போனில் கூப்பிட்டு, இவருக்கு முடியவில்லை, வரவேண்டாம் என்றாள். டிசம்பரிலும் அப்படியே. ஓந்த்ரேய் தேதி பார்க்கிறவர் அல்ல, ஆனால் வெள்ளைத் துணி விரிக்கப்படாததைக் கவனித்தார். ஃபாதர் எங்கே என்று கேட்டார். பனி என்றாள். பனி உண்மையாகவே பெய்துகொண்டிருந்தது.

ஜனவரியில் டாக்டர் வந்துபார்த்துவிட்டு, நியூ ஜெர்சியில் இருக்கும் மகளை வரச்சொல்லிவிடுங்கள் என்றார். மகள் வார இறுதியில் வருவதாகச் சொன்னாள். ஓந்த்ரேய் டாக்டரின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகு வேடிக்கைப் பேச்சு குறைந்தது. ஒன்றைத்தான் கேட்டார். நன்மை வாங்கிட்டுப் போறேன் ஜுஸ்டினா. காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை. சாப்பாடு கேட்கிற குரலில்தான் கேட்டார். அவள் ஃபாதருக்குப் போன் செய்தாள், சாகப்போகிறவருக்குப் பூசும் எண்ணெய் பூச மட்டும்.

திங்கட்கிழமை ஃபாதர் டோயல் வந்தார். வாசலில் மெழுகுவர்த்தி இல்லை. கூடத்து மேசையில் மருந்து புட்டிகள் இருந்தன, வெள்ளைத் துணி இல்லை. அவர் கோட்டின் மேல் கையை வைத்தபடி நின்றார். சிமிழ் அங்கே இருந்தது.

"இன்னிக்கு வேணாம் ஃபாதர். எண்ணெய் மட்டும் பூசுங்க" என்றாள்.

"அவரு கேக்குறாருன்னு டாக்டர் சொன்னாரும்மா."

"கேப்பாரு. இருமலும் வரும்."

"முழுசா வேணாம். ஊசி முனை அளவு ஒரு துணுக்கு. ஸ்பூன்ல தண்ணியோட வச்சா எறங்கிடும். திருச்சபையே அனுமதிக்கிற விஷயம்தான்."

"போன தடவையும் எறங்கும்னுதான் குடுத்தீங்க. துணுக்கு வந்தா அந்தச் சளியில எங்க தேடுவீங்க? நான் தேடுவேன். நீங்க காரெடுத்துட்டுப் போயிடுவீங்க."

குருவின் முகம் சிவந்தது. கட்டிலிலிருந்து ஓந்த்ரேய் பேசினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சை எங்கிருந்தோ போய் எடுத்துவர வேண்டியிருந்தது.

"ஃபாதர், இந்த வீட்ல பிஷப் அவதான். ஐரிஷ்காரன் பேச்சு எடுபடாது." கொஞ்சம் ஓய்ந்து, மனைவியைப் பார்த்தார். "ஜுஸ்டினா. மிஹால் துர்ச்சான் செத்தப்ப நான் பக்கத்துல இருந்தேன்."

மிஹால் துர்ச்சான் இவர்கள் கல்யாணத்துக்கு முன்பு ஓந்த்ரேயோடு வேலை பார்த்தவர். கீழ் அடுக்கில் கூரை சரிந்து இறந்தார். அது ஊருக்குத் தெரிந்த கதை. ஃபாதர் ஹாவ்ரனைக் கூண்டில் வைத்துச் சுரங்கத்துக்குள் இறக்கினார்கள் என்பதும் தெரியும். மற்றது ஊருக்குத் தெரியாது. அதை ஓந்த்ரேய் இப்போது சொன்னார்.

மிஹாலின் இடுப்புக்கு மேல் உத்தரம் கிடந்தது. வாய் முழுக்க ரத்தமும் கரியும். ஃபாதர் மண்டியிட்டு நன்மை கொடுத்தார். அது ரத்தத்தோடு வெளியே வந்தது. ஃபாதர் அதை அவன் உதட்டிலிருந்து விரலால் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். இன்னொன்றைப் பாதியாக உடைத்துக் கொடுத்தார். அதுவும் வந்தது. அதையும் சாப்பிட்டார். மிச்சப் பாதியைக் கொடுத்தபோது அது உள்ளே போயிற்று.

"ரத்தத்தோடவா?" என்றாள் ஜுஸ்டினா.

"கரியோட."

"சிந்தினத என்ன செஞ்சாரு? விரிக்கத் துணி இருந்துச்சா? தண்ணி ஊத்தினாரா?"

"கீழ எல்லாமே மண்ணுதானே ஜுஸ்டினா."

அவள் அவரைப் பார்த்தாள். இந்த மனிதர் மகள் சிறுபிள்ளையாக இருந்தபோது சுரங்கத்து எலிகள் வெல்ஷ் மொழியில்தான் பேசும், மேஸ்திரிகளெல்லாம் வெல்ஷ்காரர்கள் என்பதால் என்று சொல்லி நம்பவைத்தவர். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெண் அதைச் சொல்லிக் கேலிக்கு ஆளாகி அழுதுகொண்டு வந்தாள். வேண்டியதைப் பெறுவதற்கு ஒரு கதை சொல்வது அவருக்கு மூச்சுவிடுவதுபோல். மூச்சு போனபின்னும் அது மிஞ்சியிருந்தது.

"ஃபாதர் ஹாவ்ரன் அப்படிச் செய்யமாட்டாரு" என்றாள். "செஞ்சிருந்தா ரேடியோல சொல்லியிருப்பாரு."

ஓந்த்ரேய் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஃபாதர் டோயல் அவளைத் தாண்டிப் போயிருக்கலாம். கட்டில் நான்கடி தூரத்தில்தான் இருந்தது. அவருக்கு அதிகாரமும் இருந்தது. ஆனால் செமினாரியில் அவர் படித்த எதுவும் இந்தப் பெண்மணியின் முழங்கால்களுக்கு எதிரில் நிற்கவில்லை. அக்டோபரில் தன் கை தயங்கியதையும் அவர் மறக்கவில்லை. நற்கருணையின் மேல் தன்னைவிட அதிகப் பக்தி உள்ள ஒருவரிடம் நற்கருணைக்காக வாதாட அவருக்குக் கூச்சமாக இருந்தது. எண்ணெய் பூசினார், பாவமன்னிப்புக் கொடுத்தார். பிறகு வாசலில் நின்று, வியாழக்கிழமை காலைத் திருப்பலியிலிருந்து ஆண்டவரின் இரத்தமான திராட்சை இரசத்தில் ஒரு சொட்டு மட்டும் சின்னப் புட்டியில் கொண்டுவருகிறேன், நாவில் ஈரம் படுமளவு, அதில் துப்புவதற்கு ஒன்றும் இராது என்றார். ஜுஸ்டினா யோசித்தாள். ஈரம் என்றால் சரி என்றாள். வியாழனுக்கு வெள்ளைத் துணியைக் கஞ்சிபோட்டு இஸ்திரி செய்துவைத்தாள். ஓந்த்ரேயிடமும் சொன்னாள். அவர் தலையை அசைத்தார்.

புதன்கிழமை விடிந்ததும் ஓந்த்ரேயின் மூச்சு மாறியது. ஜுஸ்டினா ஃபாதருக்குப் போன் செய்தாள். அவர் அடுத்த ஊர் ஆஸ்பத்திரியில் இருப்பதாகக் குருவின் வீட்டுச் சமையற்காரம்மா சொன்னாள். ஆள் அனுப்புகிறேன் என்றாள். மலைச்சாலையில் பனி வாரும் வண்டி இன்னும் வரவில்லை.

ஜுஸ்டினா அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து ஜெபமாலை சொன்னாள். நடுவில் ஓந்த்ரேய் கண்ணை மூடியபடியே தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தார். வாயைத் திறந்து நாக்கை நீட்டினார். கிராதியில் மண்டியிட்டு ஐம்பது வருடம் நீட்டியதுபோலவே. தவறுவதற்கு வழியில்லாத ஒரு பழக்கம் அது. காத்திருந்தார்.

அவளிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தாள். அவருக்கு அது என்னவென்று தெரிந்ததோ இல்லையோ, வாயை மூடவில்லை. அப்படியே இருந்தார். மூச்சு நின்றபிறகு அவள்தான் தாடையைத் துணியால் கட்டி மூடினாள்.

ஃபாதர் டோயல் மதியம் வந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அடக்கத்திற்குப் பிறகு கோயில் கூடத்தில் சாப்பாடு. முட்டைக்கோஸ் சுருள், உருளைக்கிழங்கு வைத்த பிரோஹிக் கொழுக்கட்டை, வால்நட் ரொட்டி. ஓந்த்ரேயைப் பற்றி எல்லோரும் ஒரு கதை வைத்திருந்தார்கள். வெள்ளைப் பேசின் கதையை நான்கு பேர் சொன்னார்கள். ஜுஸ்டினா புன்னகைத்தாள். ஓந்த்ரேயின் தங்கை ஆன்னா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வாய் துடுக்கானவள், அண்ணனைப்போலவே.

"எண்ணெயோட போனானே, அதுவே பெரிசு அண்ணி. மனச வருத்திக்காதீங்க."

ஜுஸ்டினாவுக்கு அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. திங்கட்கிழமை அவர் சொன்ன கதையைச் சொன்னாள். சாகப்போகும்போதுகூட இந்த மனுஷன் எப்படிப் புனைந்தார் பார் என்று சொல்வதுபோலத்தான் ஆரம்பித்தாள்.

ஆன்னா முட்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"துர்ச்சான் கதையா? அத அன்னிக்கே வீட்ல சொன்னானே. கை கால்கூடக் கழுவல, கதவுல நின்னுக்கிட்டுச் சொன்னான். அம்மா பளார்னு ஒண்ணு விட்டா. சாமியாரப் பத்தி இப்படியெல்லாம் சொல்லுவியாடான்னு. அதுக்கப்புறம் அதப் பத்தி அவன் வாயே தெறக்கல." ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு யோசித்தாள். "பொய் சொல்றவன் சிரிச்சுக்கிட்டே சொல்லுவான் அண்ணி. அன்னிக்கு அவன் சிரிக்கல."

திங்கட்கிழமையும் அவர் சிரிக்கவில்லை. ஜுஸ்டினா தட்டிலிருந்த பிரோஹியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிக்கொண்டிருந்தாள். எதையும் வாயில் வைக்கவில்லை. மேசையின் அந்தப் பக்கத்தில் யாரோ ஒரு கிழவர், ஃபாதர் ஹாவ்ரன் மாதிரிக் குருக்கள் இனி வரப்போவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் பார்த்த ஹாவ்ரனும் மெழுகுவர்த்தி பிடித்துக் கம்பளத்தைத் தடவிய ஹாவ்ரன்தான். சுரங்கத்தில் ரத்தத்தோடு வந்ததை எடுத்துச் சாப்பிட்ட மற்ற ஹாவ்ரனைப் பார்த்தவர்கள் இருவர். ஒருவரை அன்றே மண் மூடிவிட்டது, இன்னொருவரை இன்று காலை.

மகள் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். போகும்போது அப்பாவின் கட்டிலை மடித்து வைத்துவிட்டாள், சிலிண்டரைக் கம்பெனிக்காரர்கள் எடுத்துப்போனார்கள். ஜன்னலோரம் கைக்குட்டைக் கூடை மட்டும் இருந்தது. துவைக்காதவை. மகள் அவற்றைக் குப்பையில் போட எடுத்தபோது ஜுஸ்டினா கூடையை வாங்கி வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை கோயில் துணிகள் வந்தன. அவள் அவற்றை எடுக்கவில்லை. வெள்ளைப் பேசினைத் தொட்டியில் வைத்துத் தண்ணீர் நிரப்பினாள். கூடையிலிருந்து ஓந்த்ரேயின் கைக்குட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அதில் விட்டாள். காய்ந்திருந்த கறுப்பு மெதுவாக விட்டுக்கொடுத்தது. எனாமலில் ஒரு வளையம் படிந்தது. கீழே, பூமிக்குள், அவர் முப்பது வருடம் மூச்சாக இழுத்தது அவ்வளவும் தண்ணீரில் இறங்கி வந்துகொண்டிருந்தது.

அவள் சோப்பு போடவில்லை. கையால் அலசினாள், பீடத்துணியை அலசுவதுபோல மடிப்பு மடிப்பாக. பிறகு பேசினை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பின்கதவைத் திறந்தாள். கொல்லையில் முழங்கால் வரை பனி கிடந்தது. லைலாக் இலையில்லாமல் நின்றது. செடியின் அடியில் காலால் பனியை விலக்கி, மண் தெரிந்ததும் மண்டியிட்டு, முதல் தண்ணீரை ஊற்றினாள். பனியின் ஓரங்கள் கறுத்தன. மண் இறுகியிருந்ததால் தண்ணீர் உடனே இறங்கவில்லை.

அது இறங்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.